19 வயசுப் பையன் ஆஷ்விட்ஸ்ல இருந்து தப்பிச்சு வந்து எல்லாம் சொல்லியும் ஏன் ரயில் நிக்கல?

மௌல்மீன் மாமா:

எல்லாருக்கும் வணக்கம். எழுத்துல பிழை இருந்தா திட்டாதீங்க, நான் தமிழ் படிச்சது கோயில்ல சாயங்கால கிளாஸ்ல தான். விஷயம் என்னன்னா என் அக்கா மகளுக்கு 19 வயசு, காலேஜ் போகாம வீட்ல இருந்தே ஆன்லைன்ல படிக்குது, கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தா அப்பத்தான் எந்திரிச்சு பாடம் பாக்கும். போன வாரம் அப்படிப் பாத்துட்டு காலைல டீ குடிக்கும்போது கண்ணெல்லாம் செவந்து உக்காந்திருந்துச்சு, தூக்கம்னு நெனச்சேன், இல்ல, அழுதிருக்கு.

"மாமா, போலந்துல ஹிட்லர் ஆளுங்க நடத்துன ஆஷ்விட்ஸ் கேம்ப்ல இருந்து என் வயசுப் பையன் ஒருத்தன் தப்பிச்சு வந்து உள்ள நடக்குறது பூரா சொல்லிருக்கான், எந்த ஊர்ல இருந்து எத்தனை பேர் வந்தாங்க எப்படிக் கொன்னாங்கன்னு படம் போட்டு வெளக்கிருக்கான், அதுக்கு அப்புறமும் ரெண்டு மாசத்துக்கு மேல யூதர்கள அங்க ஏத்திட்டுப் போற ரயில் ஓடிருக்கு, ஏன் மாமா?" ன்னு கேட்டுச்சு. நான் என்னத்த சொல்ல, அந்தக் காலத்துல போன் கீன் கிடையாதுல்லன்னு சமாளிச்சேன். ரேடியோ இருந்துச்சே மாமான்னுச்சு. அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல.

பையன் பேரு ருடால்ஃப் வ்ர்பாவாம். அவன் எப்படி வெளிய வந்தான், வந்து யார்கிட்ட சொன்னான், சொன்னது எங்க போய் முடங்குச்சு, இத தெரிஞ்சவங்க நிதானமா எழுதுங்க. அந்தப் பிள்ளைகிட்ட காட்டணும். வீடியோ லிங்க் போடாதீங்க, இங்க நெட்டு அதுக்குத் தாங்காது.

ரங்கூன் டாலிக்காரர்:

தம்பி, நான் 22 வருஷம் துறைமுகத்துல டாலி கிளார்க்கா இருந்தவன், கப்பல்ல இருந்து எத்தனை மூட்டை எறங்குச்சுன்னு கோடு போட்டு எண்ணுற வேலை, அதனால இந்தப் பையன் கதைய நான் படிச்சப்போ மத்தவங்க மாதிரி தப்பிச்சதப் பாத்து அசரல, அவன் எண்ணுனதப் பாத்து தான் அசந்தேன். அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நெஜப் பேரு வால்டர் ரோஸன்பெர்க். வ்ர்பாங்கிறது தப்பிச்சு வந்த பிறகு கள்ளப் பேப்பர்ல போட்டுக்கிட்ட பேரு, அதையே கடைசி வரைக்கும் வச்சுக்கிட்டாரு. 1924ல ஸ்லோவாக்கியாவுல பொறந்தவரு, யூதன்னு சொல்லி ஸ்கூல விட்டு தொரத்திட்டாங்க. 1942 ஜூன்ல முதல்ல மஜ்தானெக் கேம்ப், அந்த மாசம் 30ந்தேதி ஆஷ்விட்ஸ். நம்பர் 44070. அங்க அவருக்குக் கெடச்ச வேலைதான் முக்கியம். ரயில் வந்து நிக்கும், ஜனங்க எறங்குவாங்க, அவங்க பொட்டி படுக்கைய எடுத்து தரம் பிரிக்கிற கோஷ்டியில போட்டாங்க. அந்தக் கொட்டகைக்கு கைதிங்க வச்ச பேரு கனடா, கனடான்னா பணக்கார நாடுன்னு அவங்க நெனப்பு, இதுவும் அவ்வளவு சாமான் குமிஞ்ச இடம்ங்கிறதால. 1942 ஆகஸ்ட்ல இருந்து அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் ரயில் வர்ற மேடையில நின்னு பாத்திருக்காரு. எந்த நாட்டு ரயில், எத்தனை பெட்டி, பெட்டிக்கு சுமாரா எத்தனை பேரு, அதுல எத்தனை பேர கேம்புக்குள்ள விட்டாங்க, மிச்சம் பேர லாரியில எந்தப் பக்கம் ஏத்துனாங்க. பேனா பேப்பர் ஒண்ணும் கிடையாது, எல்லாம் மண்டைக்குள்ள. கோடு போடாம நான் ஒரு நாள் கணக்கு கூட வச்சதில்ல, அந்தப் பையன் ரெண்டு வருஷக் கணக்க வச்சிருந்தான்.

அப்புறம் ஆஷ்விட்ஸோட சேந்த பிர்கெனாவ் கேம்ப்ல தனிமைப்படுத்துற பகுதிக்கு எழுத்தரா மாத்துனாங்க. அங்கதான் கணக்கு சுத்தமாச்சு, ஏன்னா உள்ள விட்டவங்களுக்கு மட்டும் தான் கைல வரிசையா நம்பர் குத்துவாங்க. இந்த நம்பர்ல இருந்து இந்த நம்பர் வரைக்கும் இன்ன ஊர் ரயில்னு புடிச்சுட்டா, வந்தவங்கள்ல நம்பர் வாங்காதவங்க எத்தனைன்னு கழிச்சுப் பாத்துக்கலாம். கழிச்சதுல வர்ற மிச்சம் தான் விஷவாயு அறைக்குப் போனவங்க. இன்னொரு எழுத்தர், ஆல்ஃப்ரெட் வெட்ஸ்லர், ஆறு வயசு மூத்தவரு, இவரு ஊர்ப் பக்கம் தான், அவரும் அதே மாதிரி சேத்து வச்சிருந்தாரு. ரெண்டு பேரும் தான் சேந்து கெளம்புனது.

கெளம்புன விதம் இப்படி. கேம்ப சுத்தி ரெண்டு வளையம், பகல்ல வேலை நடக்குற இடத்தையும் சேத்து வெளி வளையம் காவல் இருக்கும், சாயங்காலம் கைதிங்கள உள்ள அடைச்சு எண்ணிப் பாத்துட்டு வெளி வளையத்த எடுத்துருவாங்க. ஆள் குறைஞ்சா மட்டும் மூணு நாள் ராப்பகலா வெளி வளையம் அப்படியே நிக்கும், நாயோட தேடுவாங்க, மூணு நாள்ல கெடைக்கலன்னா ஆள் தாண்டிட்டான்னு முடிவு பண்ணி காவல எடுத்துருவாங்க. அப்போ ரெண்டு வளையத்துக்கும் நடுவுல மூணு நாள் மூச்சு விடாம கெடந்தா போதும்ல. 1944 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை மத்தியானம், புதுசா கட்டிட்டிருந்த பகுதியில அடுக்கி வச்ச பலகைக்கு நடுவுல ஒரு குழி, அதுக்குள்ள எறங்கிட்டாங்க, கூட்டாளிங்க மேல பலகைய மூடி ரஷ்யப் புகையிலைய பெட்ரோல்ல நனைச்சு காயவச்சத சுத்தித் தூவிட்டுப் போனாங்க, நாய்க்கு மோப்பம் புடிக்கக் கூடாதுன்னு. இது ஒரு ரஷ்யப் போர்க்கைதி சொல்லிக் குடுத்த வித்தை. 10ந்தேதி ராத்திரி காவல் போன பிறகு வெளிய வரப் பாத்தா பலகை அசையலயாம், மூணு நாள் மடங்கிக் கெடந்த ஒடம்புல தெம்பு இல்ல. பக்குன்னு இருக்கு தம்பி, அந்த எடத்த படிக்கும்போது.

அப்புறம் ராத்திரி நடை, பகல்ல பதுங்கல், 21ந்தேதி ஸ்லோவாக்கியா எல்லை. சுமாரா 130 கிலோமீட்டர். போலந்துக் குடியானவங்க சில பேர் சோறு போட்டு வழி காட்டிருக்காங்க, மாட்டுனா குடும்பத்தோட போயிருப்பாங்க, அவங்களையும் மறந்துரக் கூடாது. ஜிலினாங்கிற ஊர்ல யூத சபைக்காரங்க ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உக்கார வச்சு விசாரிச்சாங்க, ஒருத்தர் சொல்றது மத்தவருக்குத் தெரியாம. சபைக்காரங்க கிட்ட 1942ல ஸ்லோவாக்கியாவுல இருந்து போனவங்க லிஸ்ட் இருந்துச்சு, அதோட வச்சுப் பாத்தாங்க. ஒத்துப் போச்சு. கப்பல்காரன் டாலியும் கரைக்காரன் டாலியும் ஒத்துப் போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 27க்குள்ள அறிக்கை ரெடி, கேம்ப் வரைபடத்தோட. ஹங்கேரியில இருந்து பெரிய அளவுல ரயில் கெளம்புனது மே 15. நடுவுல 18 நாள். அந்த 18 நாள்ல என்னாச்சுங்கிறத பெகு அக்கா எழுதுவாங்க, அவங்க தான் அத வச்சு என்கூட எப்பவும் சண்டை போடுறவங்க.

பெகு அக்கா:

அண்ணே கூப்பிட்டா வராம இருப்பேனா. டியூஷன் முடிஞ்சு இப்பத்தான் உக்காந்தேன், போன்ல சார்ஜ் 30 பர்சென்ட் தான், முடியுற வரைக்கும் எழுதுறேன்.

மொதல்ல மாமா சொன்ன "போன் இல்ல" பத்தி. உலகத்துக்குத் தெரியவே தெரியாதுங்கிறது தப்பு. யூதர்கள கொன்னு குவிக்கிறாங்கன்னு நேச நாடுகள் எல்லாம் சேந்து 1942 டிசம்பர் 17ந்தேதியே அறிக்கை விட்டாச்சு. ஜான் கார்ஸ்கின்னு ஒரு போலந்துக்காரர், 1943 ஜூலைல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டயே நேர்ல பாத்து சொன்னாரு. அதே சமயத்துல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஃபிராங்க்ஃபர்ட்டர் கிட்டயும் சொன்னாரு, ஜட்ஜும் யூதர் தான், அவரு கேட்டுட்டு நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல, என்னால நம்ப முடியலன்னு தான் சொன்னாராம். காது கேட்டுருச்சு, மனசு வாங்கல.

வ்ர்பா வெட்ஸ்லர் அறிக்கையில புதுசு என்னன்னா இடம், முறை, கணக்கு மூணும் ஒண்ணா வந்தது. ஆஷ்விட்ஸ்னா வேலை வாங்குற கேம்புன்னு தான் நெறைய பேர் நெனச்சிருந்தாங்க.

இப்ப 18 நாளுக்கு வர்றேன். ஹங்கேரிய ஜெர்மன்காரன் புடிச்சது 1944 மார்ச் 19. அங்க சுமார் ஏழு எட்டு லட்சம் யூதர் இன்னும் உயிரோட இருந்தாங்க. அறிக்கை புடாபெஸ்ட்ல காஸ்ட்னர்ங்கிற யூதத் தலைவர் கைக்கு ஏப்ரல் கடைசிவாக்குலயே வந்துருச்சுன்னு தான் பெரும்பாலான வரலாற்றுக்காரங்க சொல்றாங்க. அவரு அப்போ யூதர்கள ரயில் ஏத்துற வேலைய நடத்துன ஜெர்மன் அதிகாரி ஐக்மன் கூட பேரம் பேசிட்டிருந்தாரு, உயிருக்கு சாமான், உயிருக்கு பணம்னு. வெளியூர்ல, கிராமத்துல இருந்த ஜனங்களுக்கு, நாளைக்கு ரயில் ஏறப் போறவங்களுக்கு, விஷயம் போய்ச் சேரல. மே 15ல இருந்து ஜூலை 9க்குள்ள 147 ரயில், சுமார் 4,37,000 பேர். ஒரு நாளைக்கு 12,000 பேர் வரைக்கும். அவங்க பிள்ளைக்கு ரொட்டி கட்டிக்கிட்டு, வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு நம்பி ஏறுனவங்க.

காஸ்ட்னர் பேரம் பேசி 1,684 பேர ஒரு ரயில்ல சுவிட்சர்லாந்து பக்கம் அனுப்பி வச்சாரு, அதுல அவர் குடும்பமும் உண்டு. பின்னாடி இஸ்ரேல்ல கேஸ் நடந்து 1955ல ஒரு ஜட்ஜ் இவரு பிசாசுக்கு ஆத்மாவ வித்தாருன்னு தீர்ப்புல எழுதுனாரு, 1957ல காஸ்ட்னர சுட்டுக் கொன்னுட்டாங்க, 1958ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப பெரும்பாலும் மாத்துச்சு, செத்த பிறகு. வ்ர்பா சாகுற வரைக்கும் (2006, கனடா, அங்க மருந்தியல் பேராசிரியரா இருந்தாரு) காஸ்ட்னர மன்னிக்கல. அவர் வாதம் ஒரே வரி தான்: நான் தப்பிச்சது சர்க்காருக்கு சொல்றதுக்கு மட்டும் இல்ல, ரயில் ஏறப் போறவனுக்கு சொல்றதுக்கு, தெரிஞ்சிருந்தா ஆடு மாதிரி வரிசையில நின்னிருக்க மாட்டான், ஓடியிருப்பான், மறுத்திருப்பான், அந்தக் குழப்பத்துலயே வேலை நின்னிருக்கும்.

யெஹூதா பாவர்னு பெரிய வரலாற்றாளர் இதுக்கு எதிர்ப்பு. தகவல் கைல வர்றது வேற, அத உண்மைன்னு உள்ள எறக்குறது வேறன்னாரு. தெரிஞ்சிருந்தாலும் எங்க ஓடுறது, வயசுப் பசங்கள எல்லாம் முன்னாடியே ராணுவக் கூலிக்குப் புடிச்சுட்டுப் போயாச்சு, மிச்சம் இருந்தது பொம்பளைங்க, கிழங்க, பிள்ளைங்க. டாலி அண்ணன் வ்ர்பா கட்சி, நான் பாதி பாவர் கட்சி. பாதி தான். ஏன்னா ஒருத்தன் நம்புவானா மாட்டானாங்கிறத அவன் கிட்ட சொல்லிப் பாத்துட்டு தானே முடிவு பண்ணணும், சொல்லாம நீயே முடிவு பண்ண நீ யாரு? இத நெனச்சா எனக்கு இப்பவும் கோவம் வரும்.

ரயில் ஏன் நிக்கலன்னு கேட்ட பிள்ளைக்கு இதையும் சொல்லுங்க, நின்னுச்சு, லேட்டா. ஜூன் மாசம் ஒரு பிரதி ஜெனீவாவுல மாண்டெல்லோன்னு ஒருத்தர் கைக்கு வந்துச்சு, யூதர் தான், எல் சல்வடார் தூதரகத்துல வேலை. அவரு பெட்டியில வச்சுப் பூட்டல. உடனே பத்திரிகைக்குக் குடுத்தாரு, சுவிஸ் பேப்பர்ல நூத்துக்கணக்குல கட்டுரை. போப், ரூஸ்வெல்ட், ஸ்வீடன் ராஜா எல்லாரும் ஹங்கேரி ஆட்சித் தலைவர் ஹோர்த்திக்கு எச்சரிக்கை விட்டாங்க, ஜூலை 2ந்தேதி புடாபெஸ்ட்ல அமெரிக்க குண்டு வேற விழுந்துச்சு, ஆளு பயந்து ஜூலை 7ல நிறுத்தச் சொன்னாரு. புடாபெஸ்ட்ல மட்டும் அப்போ சுமார் ரெண்டு லட்சம் யூதர் மிச்சம். அக்டோபர்ல வேற கொடுமை வந்து அதுலயும் ஆயிரக்கணக்குல போனாங்க, ஆனாலும் லட்சத்துக்கு மேல பிழைச்சாங்க. ஜெனீவாவுக்கு வந்து ரெண்டு மூணு வாரத்துல நடந்தது இது. அதே வேகம் மே மாசம் இருந்திருந்தா

சார்ஜ் போகப் போகுது. மிச்சம் நாளைக்கு.

நேர்மை77:

அந்த அறிக்கையில செத்த யூதர் 17,65,000 பேர்னு போட்டிருக்காராமே, அது தப்புக் கணக்குன்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கிறாங்களே. கணக்கே தப்புன்னா மத்தத எப்படி நம்புறது, சும்மா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ரங்கூன் டாலிக்காரர்:

தப்பா எடுத்துக்கல, ஆனா கேள்வி எங்க இருந்து வருதுன்னு தெரியுது தம்பி. 1985ல டொரன்டோ கோர்ட்டுல, இதெல்லாம் நடக்கவே இல்லன்னு புஸ்தகம் போட்ட ஒருத்தன் கேஸ்ல, வ்ர்பாவ கூண்டுல ஏத்தி எதிர் வக்கீல் இதே பாணியில தான் நோண்டுனாரு. ஆமா, அந்தத் தொகை கூடுதல். ஆஷ்விட்ஸ்ல மொத்தம் செத்தது சுமார் 11 லட்சம், அதுல யூதர் சுமார் 10 லட்சம்னு ஆவணம் பாத்தவங்க சொல்றாங்க. வ்ர்பா ரயில் ரயிலா எண்ணி, எண்ண முடியாத நாளைக்கு சராசரி போட்டாரு. ராத்திரி நேரத்துல, பசியோட, புடிபட்டா தூக்குங்கிற நெலமையில. நாங்க ஃபேன் போட்டு உக்காந்து எண்ணுற கப்பல்லயே பத்து இருபது மூட்டை வித்தியாசம் வரும், அதுக்காக கப்பலே வரலன்னு எவனும் சொல்ல மாட்டான். அறிக்கையில சொன்ன இடம், அறைங்க, நம்பர் வரிசை, எந்த நாட்டு ரயில் எப்போ வந்துச்சுங்கிறது பெரும்பாலும் நின்னிருக்கு. அத விட்டுட்டு கூட்டுத்தொகைய மட்டும் புடிச்சுத் தொங்குறவன் கணக்குப் பாக்க வரல.

தன்பியூசயாட் பையன்:

நான் பெரிய படிப்பு இல்ல, ஆனா இத படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. எங்க ஊருல தான் சயாம் மரண ரயில் ஆரம்பிச்சுச்சு, அதே போர்ல பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவுல போட்ட பாதை, 415 கிலோமீட்டர், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கமும் சேத்தான் ஜப்பான்காரன். ரோட்டோரமா வார் செமெட்ரி இருக்கு, வெள்ளைக்காரக் கைதிங்க 3,149 பேரு, டச்சுக்காரங்க 621 பேரு, புல்லு வெட்டி பூ வச்சு அழகா இருக்கும், அநேகமா எல்லாக் கல்லுலயும் பேரு, ரெஜிமென்ட், சில கல்லுல அம்மா எழுதுன ஒரு வரி. நம்ம ஜனங்க? மலாயா தோட்டத்துல இருந்து கங்காணி நல்ல சம்பளம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த தமிழங்க, இங்க இருந்து இழுத்துட்டுப் போன பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க எல்லாம் சேத்து 60, 70 ஆயிரம், 90 ஆயிரம் பேர் செத்தாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கல்லு இல்ல. தொகையும் இல்ல. டாலி தாத்தா சொன்ன மாதிரி எண்ணுறதுக்கு ஆள் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?

ஆனா ஒருத்தர் எண்ணுனாரு. என் தாத்தாவோட அப்பா மலாயால இருந்து வந்தவரு, திரும்பிப் போகல, இங்கயே மோன் இனத்துப் பொண்ணக் கட்டிக்கிட்டு தங்கிட்டாரு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தோட்டத்துல இருந்து ஒரே பெட்டியில வந்தவங்கள்ல பேரு தெரிஞ்சவங்க 11 பேரு, ராத்திரி படுக்கும்போது அந்த 11 பேரையும் சொல்லிட்டு தான் கண்ண மூடுவாராம், சின்னான் காலரா, வேலு காலரா, முனியன் பாலத்துல இருந்து விழுந்தான், அப்படி. தாத்தாவுக்கு அதுல ஏழு பேரு ஞாபகம். எனக்கு இந்த மூணு தான். நான் எழுதி வச்சிருக்கணும், தாத்தா போனப்புறம் தான் புத்தி வந்துச்சு.

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல அக்கா, கோவிச்சுக்காதீங்க. அங்க கொல்றதுக்காகவே ரயில் விட்டான், இங்க ரயில் போடுறதுக்காக சாகட்டும்னு விட்டான்.

பெகு அக்கா:

கோவமெல்லாம் இல்லப்பா, சரியாத்தான் பிரிச்சுச் சொன்ன. அந்த மூணு பேர இப்பவாவது எழுதி வை. வீட்ல வேற பெரியவங்க இருந்தா தாத்தா சொன்ன ஏழுல மிச்ச நாலு பேரயும் கேட்டுப் பாரு, பாட்டி, சின்னத் தாத்தா யாராச்சும். பொம்பளைங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராத்திரி பக்கத்துல படுத்துக் கேட்டது அவங்க தானே.

நேத்து விட்டதுல ஒண்ணு. வ்ர்பாவுக்கு அப்புறம் மே 27ந்தேதி இன்னும் ரெண்டு பேர் தப்பிச்சாங்க, மோர்டோவிச், ரோஸின்னு. அவங்க வந்து சொன்னது ஹங்கேரி ஜனங்க எறங்குறதையும் எரியுறதையும் கண்ணால பாத்தது. வ்ர்பா உள்ள இருக்கும்போது புது ரயில் மேடை கட்டுறதப் பாத்தாரு, ஹங்கேரி சலாமி சீக்கிரம் வரும்னு காவல்காரங்க ஜோக்கடிச்சதக் கேட்டேன்னு பின்னாடி சொன்னாரு. ஒவ்வொரு நாட்டு ஜனமும் கொண்டு வர்ற தின்பண்டத்த வச்சு தான் அவனுங்களுக்கு நாடு தெரியும். வழிக்குக் கட்டிட்டு வந்த சாப்பாடு. எனக்கு அந்த எடத்துல தான் தொண்டைய அடைக்கும், வேற எங்கயும் இல்ல.

மௌல்மீன் மாமா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பூராத்தையும் அந்தப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுனேன், அதுக்கு தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக் கூட்டணும். டாலி அண்ணன் எழுதுன கழித்தல் கணக்க ரெண்டு தடவ கேட்டுச்சு. பெகு அக்கா, காஸ்ட்னர் விஷயத்துல அது உங்க கட்சியும் இல்ல அண்ணன் கட்சியும் இல்ல, "அவரு வீட்டு ஆளுங்க அந்த ரயில்ல இருந்தாங்கல்ல மாமா, அப்புறம் என்ன பேச்சு" ன்னு ஒரே வெட்டா வெட்டிருச்சு, 19 வயசுல நமக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

தன்பியூசயாட் தம்பி, அதுக்கு உங்க ஊரு செமெட்ரிய பாக்கணுமாம், உங்க வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா பேசணுமாம், நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை வரலாமா? லயின்கார் இப்ப ஓடுதா?

தன்பியூசயாட் பையன்:

ஓடுது மாமா, காலைல ஆறரைக்கு மொத வண்டி. ரோடு நெலம ஒரு மாதிரி தான், செக்கிங் இருக்கும், ஐடி கார்டு மறக்காதீங்க, ரெண்டு மணிக்கு முன்னாடி திரும்பிரணும். சின்னப் பாட்டிக்கு 84 வயசு, காது கொஞ்சம் மந்தம், சத்தமா கேக்கச் சொல்லுங்க. நேத்து நான் போய்க் கேட்டேன், இன்னொரு பேரு சொன்னாங்க. கருப்பாயி புருஷன். அவன் பேரு தெரியலயாம், கருப்பாயி புருஷன்னு தான் சொல்வாராம்.